பிள்ளை “காணும்” என்றால் நிறுத்துவதா, தீத்துவதா?

எங்கள் வீட்டில் மூன்று பெரியவர்கள். மகளுக்குச் சாப்பாடு கொடுப்பதில் ஆளுக்கொரு வழி. அம்மா, அதாவது மகளின் அம்மம்மா, சோற்றைக் குழைத்துக் கோப்பையில் எடுத்துக்கொண்டு அவள் போகும் இடமெல்லாம் பின்னால் போய்த் தீத்துவார். கணவர் போனில் கார்ட்டூனைப் போட்டு முன்னால் சாத்தி வைப்பார். அவள் படத்தில் மூழ்கி வாயைத் திறக்கும் நேரம் பார்த்துக் கரண்டியை வைப்பார். நான் கொழும்புக் கோட்டையில் வேலை முடிந்து ரயிலில் வெள்ளவத்தைக்கு வந்து இறங்கும்போதே, இன்றைக்கு அவளுக்கு மட்டும் தனியாக என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டுதான் வருவேன். மூன்று வயதும் நான்கு மாதமுமான பிள்ளை ஒரே நாளில் மூன்று விதமான ஒழுங்குக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது அவள் தானாக விரும்பிச் சாப்பிட்டவற்றை விரல் விட்டு எண்ணலாம். சோறும் பருப்பும், உருளைக்கிழங்குப் பொரியல், பாணும் பட்டரும், மாரி பிஸ்கட், பால். கரட் கூட இல்லை. ஒரு வயதில் கீரையையும் சூரை மீனையும் ஆசையாகச் சாப்பிட்ட பிள்ளை. அதனால்தான் எங்களுக்கு அவ்வளவு பயம். சாப்பாட்டு நேரம் வந்தாலே வீட்டில் யாராவது ஒருவருக்குக் குரல் உயரும். பிறகு அவள் அழுவாள். சில நாட்களில் நானும் அழுதிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் இருந்து, எந்த வழியை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பேசினோம். அது நடந்து எட்டு மாதமாகிறது. இதே இடத்தில் நிற்கும் வேறு வீடுகளுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

வழியைத் தெரிவு செய்ய முன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: பிள்ளை உண்மையிலேயே போதாமல் சாப்பிடுகிறதா, அல்லது நாங்கள் எதிர்பார்க்கும் அளவுக்குச் சாப்பிடவில்லையா? இரண்டும் வேறு. பிறக்கும்போது மூன்று கிலோ இருக்கும் குழந்தை முதலாம் பிறந்தநாளுக்குள் ஏறக்குறைய ஒன்பது கிலோ ஆகிவிடும். ஒரே வருடத்தில் மூன்று மடங்கு. இரண்டு வயதுக்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு கிலோ அளவில்தான் கூடும். வளரும் வேகம் இவ்வளவு குறையும்போது பசியும் குறையத்தான் செய்யும். நாங்களோ ஒரு வயதுப் பிள்ளையின் பசியை மனதில் வைத்துக்கொண்டு மூன்று வயதுப் பிள்ளையின் கோப்பையை நிரப்புகிறோம். இதோடு, இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதுச் சாப்பாட்டைக் கண்டால் ஒதுக்கும் குணம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வரும். நேற்றுவரை சாப்பிட்ட கீரை இன்றைக்கு ஆகாததாகிவிடுவதும் இந்த வயதில்தான். யாரும் கண்ணூறு வைத்ததால் வந்ததில்லை, நீங்கள் வளர்த்த விதத்தில் வந்ததுமில்லை.

மாநகர சபை கிளினிக்கில் மிட்வைஃப் எங்கள் மகளின் கார்டை விரித்து, வளர்ச்சிக் கோட்டை விரலால் தொட்டுக் காட்டினார். மெலிந்த பிள்ளைதான். ஆனால் பிறந்ததிலிருந்து தன்னுடைய கோட்டிலேயே சீராக ஏறிக்கொண்டு வந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை விட அந்தக் கோட்டைப் பார்ப்பது நூறு மடங்கு நல்லது. கார்டைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டு மேலே வாசியுங்கள். கோடு கீழே இறங்கியிருந்தால் உங்களுக்கான விஷயம் கடைசியில் இருக்கிறது.

அம்மாவின் வழி: குழைத்துத் தீத்துவது

இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். சோறு, பருப்பு, கொஞ்சம் மீன், ஒரு சொட்டு நெய். முள் ஒன்றுகூட இல்லாமல் விரலால் தடவிப் பார்த்து, சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி வாயில் வைக்கும்போது பிள்ளைக்குச் சாப்பாட்டோடு வேறொன்றும் போகிறது. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் வளர்ந்தோம். இப்போதும் அம்மா குழைத்த சட்டியில் கடைசி உருண்டையை எனக்குத் தந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

அம்மா தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடைக்குள், பிள்ளைகளை வளர்த்தவர். கோப்பையில் மிச்சம் கிடக்கும் சோறு அவருடைய கண்ணுக்கு வேறு மாதிரித் தெரியும். “இன்னும் ஒரு வாய், இது கடைசி வாய்” என்று அவர் கெஞ்சுவதற்குப் பின்னால் அந்த வருடங்கள் எல்லாம் இருக்கின்றன. இதை விளங்கிக்கொள்ளாமல் அம்மாமாரிடம் போய் “தீத்த வேண்டாம்” என்று சொல்வது சரியில்லை. அது எடுபடுவதும் இல்லை.

பிரச்சினை அந்தக் “கடைசி வாயில்”தான் இருக்கிறது. மகள் “காணும் அம்மம்மா” என்பாள். அம்மா இன்னும் ஐந்து வாய் வைப்பார். அவள் வாய்க்குள் அடக்கி வைத்துக்கொண்டு பத்து நிமிடம் இருப்பாள், அல்லது ஓங்காளிப்பாள். தன் வயிறு சொல்வதை அவள் சொல்கிறாள். அது பொய் என்று நாங்கள் ஒவ்வொரு நாளும் அவளுக்குப் பழக்கிக்கொண்டிருந்தோம். 2006இல் அமெரிக்காவில் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு சூப் கொடுத்துச் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. “குடித்து முடி” என்று வற்புறுத்திய நேரங்களில் பிள்ளைகள் குறைவாகக் குடித்தார்கள், அந்த சூப்பைப் பற்றிக் குறையும் அதிகமாகச் சொன்னார்கள். எதுவும் சொல்லாமல் முன்னால் வைத்தபோது அதிகம் குடித்தார்கள். இதைக் கணவர் வாசித்துச் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஓடும் பிள்ளையின் வாயில் சோறு வைப்பது ஆபத்தும் கூட. ஓடும்போதும் அழும்போதும் சிரிக்கும்போதும் புரைக்கேறினால் மூச்சுக்குழல் அடைபடலாம். தீத்துவது என்று முடிவெடுத்தாலும் பிள்ளை ஓரிடத்தில் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

கணவரின் வழி: போன்

போன் இருந்தால் கோப்பை காலியாகும், உண்மை. ஆனால் எது காலியானது என்று பிள்ளைக்குத் தெரியாது. கண்ணும் காதும் படத்தில் இருக்க, நாக்கு ஒன்றையும் பழகுவதில்லை. ஒரு மாதம் போனோடு போஞ்சி சாப்பிட்ட மகள், போன் சார்ஜ் இல்லாத ஒரு நாள் அதே போஞ்சியைக் கண்டு, இது என்ன என்று கேட்டாள். அவ்வளவு நாளும் அவள் அதைப் பார்த்ததே இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு, இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது என்பது. மூன்று வேளைச் சாப்பாடும் அரை மணித்தியாலம் போனோடு என்றால் சாப்பாட்டிலேயே அந்த அளவு தாண்டிவிடும். மூன்று வழிகளில் மறுபேச்சில்லாமல் கைவிட்டது இதைத்தான். முதல் நான்கு நாள் அழுகை பெரிதாக இருந்தது. பிறகு குறைந்தது. பெரியவர்களும் போனை மேசைக்குக் கொண்டுவராமல் விட்டதுதான் எங்களுக்குக் கஷ்டமான பகுதி.

என்னுடைய வழி: தனிச் சமையல்

நாங்கள் இரவுக்கு இடியப்பமும் சொதியும் மீன் குழம்பும் வைப்போம். அவள் முகத்தைத் திருப்பினால் நான் எழும்பிப் போய் முட்டை பொரிப்பேன். முட்டையும் வேண்டாம் என்றால் பாண். பாணும் வேண்டாம் என்றால் நூடில்ஸ். நான் மேசையில் இருந்து சூடாகச் சாப்பிட்டு எத்தனை மாதம் ஆனது என்று அப்போது யோசித்ததே இல்லை. பாசம்தான் காரணம். ஆனால் பிள்ளை இதில் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: வேண்டாம் என்றால் வேறு வரும். பட்டியல் குறைந்துகொண்டே போனது. ஐந்து சாப்பாடு நான்காகும், நான்கு மூன்றாகும்.

இந்த வழியில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது. மேசையில் அவள் நிச்சயமாகச் சாப்பிடும் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்ற எண்ணம் சரியானது. தனியாகச் சமைக்காமலே அதைச் செய்யலாம். எல்லாருக்கும் பொதுவான சாப்பாட்டிலேயே ஒன்றை அவளை நினைத்து வைக்கலாம். கங்குன் கீரைச் சுண்டலும் மீன் குழம்பும் வைக்கும் நாளில் பருப்பை உறைப்பில்லாமல் வைத்தால் போதும். கறியில் தூள் போட முன் கொஞ்சம் எடுத்து வைக்கலாம். புட்டு என்றால் வாழைப்பழம் பக்கத்தில் இருக்கட்டும். பிள்ளை பட்டினி கிடக்காது, நீங்களும் குசினிக்குத் திரும்பி ஓட வேண்டியதில்லை.

லஞ்சமும் ஒளிப்பும்

மாலையில் சூன் பாண் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தால், “சோறு சாப்பிட்டால் கிம்புலா பணிஸ் வாங்கித் தருவேன்” என்று சொல்லாத வீடு எங்கள் பக்கத்தில் இருக்காது. அன்றைக்கு அது வேலை செய்யும். லீயான் பர்ச் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவும் 1984இல் பிள்ளைகளுக்குப் புதுப் பானம் ஒன்றைக் கொடுத்து, குடித்தால் பரிசு என்று சொல்லிப் பார்த்தார்கள். பரிசுக்காகக் குடித்த பிள்ளைகளுக்கு அந்தப் பானத்தின் மேல் இருந்த விருப்பம் குறைந்தது. யோசித்தால் விளங்கும். பரிசு கொடுத்துச் சாப்பிட வைக்க வேண்டிய சாப்பாடு நல்லதாக இருக்க முடியாது என்றுதானே பிள்ளை நினைக்கும்? பணிஸ் வாங்குகிற நாளில் வாங்குங்கள், மாலைச் சாப்பாடாகவே கொடுங்கள். சோற்றோடு முடிச்சுப் போட வேண்டாம்.

தோசை மாவில் கரட் துருவிப் போடுவது, ரொட்டியில் கீரை அரைத்துச் சேர்ப்பது எல்லாம் தப்பில்லை. சத்துப் போகும். ஆனால் “இதில் கீரை இல்லை” என்று சொல்லி ஏமாற்ற வேண்டாம். கண்டுபிடித்த நாளில் தோசையையும் விட்டுவிடுவாள். பச்சைத் தோசை என்று சொல்லியே கொடுக்கலாம்.

யாரும் கணக்கில் எடுக்காத பால்

எந்த வழியைத் தெரிவு செய்தாலும் அதற்கு முன் பாலை எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் காலையில் ஒரு பெரிய கப், நேர்சரியால் வந்ததும் ஒன்று, பின்னேரம் ஒன்று, படுக்கும்போது போத்தலில் ஒன்று. “சோறுதான் சாப்பிடவில்லை, பாலாவது குடிக்கட்டும்” என்று ஆளுக்கு ஆள் கரைத்துக் கொடுத்தோம். யார் எத்தனை தடவை கொடுத்தார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் எழுதிப் பார்த்தபோது எண்ணூறு மில்லிலீற்றருக்கு மேல் வந்தது. இந்த வயதுக்கு நாளுக்கு அரை லீற்றரே தாராளம்.

பால் வயிற்றை நிரப்பும். அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலில் வயிறு நிரம்பிய பிள்ளை மீனையும் பருப்பையும் கீரையையும் ஒதுக்கும்போது இரத்தச்சோகை வரலாம். இரத்தச்சோகை வந்தால் பசியும் குறையலாம். சாப்பிடாததால் பால், பாலால் சாப்பிடாமை என்று வட்டம் சுற்றும். சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுக்கும் பழக்கமும் கெடுதல், அது உணவில் உள்ள இரும்பை உடம்பு உறிஞ்சுவதைக் குறைக்கும். தேசிக்காய்ப்புளி உறிஞ்ச உதவும். சொதிக்கும் வல்லாரைச் சம்பலுக்கும் நம் ஆட்கள் தேசிக்காய் பிழிவது ருசிக்கு மட்டும் உதவுவதில்லை.

நாங்கள் போத்தலை நிறுத்தினோம். பால் இரண்டு சின்னக் கப், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. பத்து நாளுக்குள் மதியம் அவளே “பசிக்குது” என்று வந்தாள். எட்டு மாதத்தில் நாங்கள் செய்தவற்றில் மிக வேகமாகப் பலன் தந்தது இதுதான்.

நான்காவது வழி: பொறுப்பைப் பிரிப்பது

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் 1980களில் எளிமையான ஒழுங்கு ஒன்றைச் சொன்னார். என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்பது பெரியவர்களின் பொறுப்பு. சாப்பிடுவதா இல்லையா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. இவருடைய வேலைக்குள் அவர் வரக்கூடாது, அவருடையதற்குள் இவர் போகக்கூடாது.

கேட்க லேசாக இருக்கிறது. செய்வது லேசில்லை. எங்கள் வீட்டில் அது இப்படி ஆனது: காலை, பத்து மணி, மதியம், நான்கு மணி, இரவு என்று ஐந்து நேரம். இடையில் தண்ணீர் மட்டும். பிஸ்கட் டப்பா அலுமாரியின் மேல் தட்டுக்குப் போனது. சாப்பாடு மேசையில், கதிரையில், குறைந்தது ஒரு பெரியவரோடு சேர்ந்து. நாங்கள் சாப்பிடுவதெல்லாம் அவள் கோப்பையிலும் ஒரு கரண்டியாவது இருக்கும். சாப்பிடு என்றும் சொல்வதில்லை, சாப்பிட்டால் கைதட்டுவதும் இல்லை. சாப்பிடாவிட்டால், சரி, அடுத்த சாப்பாடு இரண்டரை மணித்தியாலத்தில் வரும்.

முதல் இரண்டு கிழமை மிகவும் கடினம். மூன்றாம் நாள் இரவு அவள் வெறும் அரைவாசி வாழைப்பழத்தோடு படுக்கப் போனாள். நான் நித்திரை கொள்ளவில்லை. அம்மாவும் நித்திரை கொள்ளவில்லை, அது எனக்குக் காலையில்தான் தெரியும். காலையில் அவள் இரண்டு தோசை சாப்பிட்டாள்.

பிள்ளைக்குத் தெரிவை விட்டால் இனிப்பாகவே தின்னும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர் 1920களில், பால் மறந்த குழந்தைகளுக்கு முன் 34 வகை உணவை வைத்து, எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று விட்டுப் பார்த்தார். ஒரு நாள் ஒன்றை அளவுக்கு மீறிச் சாப்பிடுவார்கள், இன்னொரு நாள் அதைத் தொட மாட்டார்கள். ஆனாலும் நன்றாக வளர்ந்தார்கள். ஆனால் அந்த 34இல் சீனியோ பணிசோ பிஸ்கட்டோ இல்லை. எல்லாம் நல்ல உணவு. இரகசியமே அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது என்று அவரே பின்னர் சொன்னார். மேசைக்கு எது வருகிறது என்பதை நாங்கள் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பதை இதிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

இந்த வழி கேட்பது பொறுமை. புதுக் கறி ஒன்று பிள்ளைக்குப் பழகுவதற்கு எட்டு, பத்து, சில நேரம் பதினைந்து தடவை கண்ணில் பட வேண்டும். நாங்கள் வழக்கமாக மூன்றாம் தடவையோடு “இவளுக்குப் பிடிக்காது” என்று முடிவு கட்டிவிடுவோம். பிறகு யாரும் அவளுக்கு அதை வைப்பதே இல்லை. மகள் போஞ்சியை முதலில் பார்த்தாள், பிறகு தொட்டாள், பிறகு நக்கிவிட்டு வைத்தாள், மூன்றாம் மாதத்தில் தின்றாள். வெள்ளவத்தைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய் அவள் கையாலேயே எடுக்க விட்டதும் உதவியது. பூசணிக்காய்க் கீற்றை அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு இரவு இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

இந்த ஒழுங்கு உடைவது வெளியே போகும்போதுதான். பிறந்தநாள் வீடு, கோயில், உறவுக்காரர் வீடு. “என்ன பிள்ளை இப்படி மெலிந்து போச்சு, ஒன்றும் குடுக்கிறதில்லையோ” என்று மாமிமார் கேட்கும்போது பதில் சொல்லாமல் சிரிப்பது எனக்கு இன்னும் வருவதில்லை. அங்கே சாப்பிடுவதைச் சாப்பிடட்டும் என்று விட்டுவிடுகிறோம். அடுத்த நாள் வீட்டு ஒழுங்குக்குத் திரும்பினால் போதும்.

நாங்கள் எடுத்த முடிவு

நான்காவது வழிதான் அடித்தளம். ஆனால் அதை அப்படியே எடுக்கவில்லை. அந்த ஒழுங்கில் பிள்ளை தானே எடுத்துச் சாப்பிட வேண்டும். இரவுச் சாப்பாட்டில் அம்மா தீத்துவதை முழுதாக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை, நிறுத்தத் தேவையும் இருக்கவில்லை. கெடுதல் வற்புறுத்தலில்தான் இருந்தது, அம்மாவின் கையில் இருக்கவில்லை. அதனால் இப்படிப் பேசிக்கொண்டோம்: காலையும் மதியமும் அவள் தன் கையால். இரவில் அம்மம்மா தீத்தலாம். கதிரையில் இருக்க வேண்டும், உருண்டை அவளுக்கு முன்னால் வர வேண்டும், அவளாக வாயைத் திறக்க வேண்டும். “காணும்” என்ற சொல் வந்தால் அந்த உருண்டை அம்மம்மாவின் வாய்க்குப் போகும். அம்மா இதற்கு ஒத்துக்கொண்டார். எந்த வழி சிறந்தது என்பதை விட மூன்று பெரியவர்களும் ஒரே வழியில் நிற்கக்கூடியது எது என்பதே எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. பாட்டன் பாட்டி இல்லாமல், இருவரும் வேலைக்குப் போய், பிள்ளையைப் பகலில் வேறொருவர் பார்க்கும் வீடென்றால் அவரையும் இந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது. கார்டில் கோடு தட்டையானால் அல்லது இறங்கினால், பிள்ளை வெளிறி, களைத்து, மண்ணோ சுவர்ச் சுண்ணாம்போ தின்றால், விழுங்கும்போது அடிக்கடி புரைக்கேறினால், கட்டியான உணவு எதையுமே வாயில் வைக்க முடியாவிட்டால், சாப்பிடும் வகைகள் மாதா மாதம் குறைந்துகொண்டே போனால், “பசித்தால் சாப்பிடும்” என்று விட்டுவிடக் கூடாது. மலச்சிக்கல் கூடப் பசியைக் கெடுக்கும், அதைக் கேட்டுப் பாருங்கள். முதலில் உங்கள் பகுதி மிட்வைஃப் அல்லது கிளினிக், பிறகு குழந்தை வைத்தியர். நிறை குறைந்த பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் திரிபோஷா என்ற சத்துமா கொடுப்பார்கள். தேவை என்றால் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மகள் இப்போது போஞ்சி, பூசணி, நெத்தலிப் பொரியல், முருங்கைக்காயின் உள்சதை, பப்பாசி சாப்பிடுகிறாள். கங்குன் இன்னும் இல்லை. சில நாட்களில் சோற்றையும் பருப்பையும் தவிர ஒன்றையும் தொடுவதில்லை. மிச்சம் விடுவதைப் பார்த்து அம்மா படும் கவலைக்கும் அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார். இப்போது கோப்பையில் முதலில் இரண்டே இரண்டு கரண்டிதான் போடுவார். முடித்துவிட்டு “இன்னும்” என்று கோப்பையை நீட்டுவது மகளின் வேலை.